பியானோவின் இடப்பக்கம்

பள்ளிக்கூடம் மூன்றரை மணிக்கு விட்டுவிடும். அப்பா வந்து கூட்டிப்போக ஆறரை ஆகிவிடும். நடுவிலுள்ள மூன்று மணி நேரத்தை எங்கே போய்க் கழிப்பது என்பதுதான் நீலாம்பாளுக்கு அந்த வருஷம் இருந்த பெரிய தொல்லை.

அவளுக்கு அப்போது பத்து வயது. பூதப்பாண்டியில் தாத்தா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போன அம்மா இன்னும் திரும்பி வரவில்லை. பிறந்த தம்பி சவலைப் பிள்ளை. மூச்சிழுப்பு வந்தால் மூன்று நாள் யாரும் தூங்க முடியாது. அங்கிருந்த வைத்தியர் ஒருவரின் மருந்துதான் அவனுக்குப் பிடித்தது என்று அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். "கொஞ்சம் தேறட்டும், வாறேன்" என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவாள். பையனுக்கு ஒரு வயசு முடிந்தும் தேறியபாடில்லை. கரமனையில் வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு அறையில் அப்பாவும் நீலாவும் மட்டும் இருந்தார்கள். காலையில் அப்பா சோறு வைப்பார். ராத்திரிக்கு பஸ் இறங்குமிடத்தில் உள்ள ஹோட்டல்.

அப்பா பகவதிப்பெருமாள் சர்வே ஆபீஸில் படம் வரைபவர். தெற்கே உள்ள தமிழ்த் தாலுகாக்கள் மலையாள நாட்டைவிட்டு மதராஸோடு சேரப்போகின்றன என்று பேச்சு பலமாக இருந்த சமயம். படங்களையெல்லாம் இரண்டு பிரதி எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் வெளியே வரும்போது விரல் நுனியெல்லாம் கறுப்பு மசியாக இருக்கும்.

முதல் சில வாரம் நீலா பள்ளிக்கூட வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழை வந்தால் வாட்சரின் கூண்டுக்குள் நிற்பாள். வாட்சருக்கு அது பிடிக்கவில்லை. அவர் போய்ச் சொன்னதில் பெரிய டீச்சர் வந்து பார்த்தார். பின்னாலேயே வந்த ரத்னாபாய் டீச்சர், "எனக்க ரூம்ல இருக்கட்டும். ஆறு மணி வரைக்கும் நான் இஞ்சதானே இருக்கேன்" என்றாள்.

ரத்னாபாய் நாகர்கோவில்காரி. இருபத்தைந்து வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோவிலில் ஆர்கன் வாசித்தாள். சாயங்காலம் தனியாகப் படிக்க விரும்புகிற பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய ரூம் என்றால் மாடிப்படிக்கு அடியில் இருந்த நீளமான அறை. மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பியானோவின் வயிற்றுக்குள் ஒரு சின்ன பல்பு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். மூடியின் இடுக்கு வழியாக அந்த வெளிச்சம் தெரியும். உள்ளே யாரோ குடியிருப்பது போலிருக்கும் நீலாவுக்கு.

அவள் மூலையில் உட்கார்ந்து வீட்டுக் கணக்குப் போடுவாள். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் எஸ்தர் வருவாள். டாக்டர் திரவியத்தின் மகள், நீலாவை விட ஒரு வகுப்பு மேலே. அவளோடு அவளுடைய பெரியப்பா மகள் லில்லிபாயும் வருவாள். இருவரும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு கையால் வாசிக்கிற இசைத் துண்டு ஒன்றைப் பழகினார்கள். பிப்ரவரியில் வருகிற ஆண்டு விழாவுக்கு அது. மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டு போகிற ஆட்ட மெட்டு. வலப்பக்கம் இருப்பவளுக்கு மெட்டு, அது எஸ்தருக்கு. இடப்பக்கம் இருப்பவளுக்கு அடிக்குரல். ஒரு கனத்த தட்டு, பிறகு இரண்டு இலேசான தட்டு. அது லில்லிக்கு.

ஆகஸ்டில் லில்லிக்கு டைபாய்டு வந்தது. இரண்டு மாசம் எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். டீச்சரே இடப்பக்கம் உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்தால் எஸ்தரின் கையைப் பார்க்க முடியவில்லை, எண்ண முடியவில்லை. நாலைந்து தடவை நிறுத்திவிட்டு அறையைச் சுற்றிலும் பார்த்தாள்.

"பிள்ளே, நீ இஞ்ச வா. கையக் காட்டு."

நீலா பென்சிலை வைத்துவிட்டுப் போனாள். டீச்சர் அவள் விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"விரல் நீளந்தான். இந்தக் கட்டைய இந்த விரலால அமுக்கு. நான் ஒண்ணுண்ணு சொல்லும்போ இது. ரெண்டு, மூணுக்கு இது ரெண்டும் சேத்து. வேற ஒண்ணும் செய்யாண்டாம், கேட்டியா?"

அப்படித்தான் தொடங்கியது. ஒரு வாரத்தில் முதல் பக்கம் வந்துவிட்டது. தாளில் உள்ள சுரப் புள்ளிகளை எப்படிப் படிப்பது என்று டீச்சர் சொல்லித்தர, அதுவும் வந்தது. செவ்வாயும் வியாழனும் டீச்சர் மாடியில் நோட்டுத் திருத்தும்போது நீலா தனியாக உட்கார்ந்து பழகினாள். அடிக்குரலை மட்டும் தனியே வாசித்தால் அதில் ஒன்றும் இருக்காது. யாரோ அடுத்த அறையில் உரலில் இடிப்பது போலிருக்கும். ஆனால் புதன்கிழமை எஸ்தர் வந்து உட்கார்ந்து, அவள் வலது கை மேலே ஓடத் தொடங்கியதும், இந்த இடியெல்லாம் ஒரு தரையாக மாறிவிடும். எஸ்தரின் மெட்டு அந்தத் தரைமேல் நடந்து போகும். நீலா கொஞ்சம் மெதுவாகத் தட்டினால் எஸ்தரும் மெதுவாகத்தான் போக வேண்டும். தன்னை நம்பி இன்னொருத்தி நடக்கிறாள் என்பது நீலாவுக்கு அதுவரை தெரியாத ஒரு விஷயம்.

எஸ்தர் அதிகம் பேசமாட்டாள். ஆனால் ஒருநாள் கடைசிப் பக்கம் பிசகாமல் வந்தபோது, முழங்கையால் நீலாவை இடித்து, "லில்லிகூட வாசிச்சா எனக்கு ஓடணும் போல இருக்கும். உன்கூடன்னா அப்பிடி இல்ல" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை நீலா பல நாள் வைத்திருந்தாள்.

தீபாவளிக்கு பூதப்பாண்டி போனபோது அம்மாவிடம் சொன்னாள். அம்மா தம்பியைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பியானோவா? ஆர்மோனியம் மாதிரியா?"

"இல்ல. பெரிசு. ரெண்டு பேர் இருந்து வாசிக்கலாம். நான் இடப்பக்கம்."

"பாட்டுப் படிப்பியா அதுல?"

"பாட்டு எஸ்தருக்குத்தான். நான் கீழ உள்ளது வாசிப்பேன்."

அம்மாவுக்கு அது புரியவில்லை. "நல்லாப் படி மக்களே" என்றாள். அதற்குள் தம்பி இருமத் தொடங்கினான். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

டிசம்பரில் லில்லி வந்துவிட்டாள். மெலிந்து, தலைமுடியெல்லாம் கொட்டி, ஸ்கார்ப் கட்டிக்கொண்டு வந்தாள். நீலா அப்போது பெஞ்சில் எஸ்தரோடு இருந்தாள். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. லில்லி பக்கத்தில் வந்து நின்றாள், நீலா தானே எழுந்தாள். எஸ்தர் தாளைப் பார்த்தபடி இருந்தாள்.

டீச்சருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். பிள்ளைகள் போனபிறகு நீலாவைக் கூப்பிட்டாள்.

"அவ பேரு ப்ரோக்ராம்ல முதல்லயே குடுத்தாச்சு, மக்கா. அவங்க வீட்டுல எல்லாரும் வருவாங்க. நீ தாள் திருப்பு. எந்த எடத்துல திருப்பணும்னு உன்ன விட நல்லாத் தெரிஞ்சவ யாரிருக்கா?"

நீலா சரி என்றாள். அன்று பஸ்ஸில் அப்பா இரண்டு தரம் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். வீட்டில் பாயில் படுத்ததும், தான் எழுந்தபோது எஸ்தர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நினைத்தாள். என்ன வார்த்தை என்று அவளுக்கே தெரியவில்லை. ஏதாவது.

ஆண்டு விழாவன்று பியானோவை ஆறு பேர் சேர்ந்து ஹாலுக்குத் தள்ளிவந்தார்கள். முன்வரிசையில் டாக்டர் வீட்டார் இருந்தார்கள். கடைசி வரிசையில் அப்பா. ஆபீஸில் சொல்லிவிட்டு வந்திருந்தார். மகள் மேடையில் ஏறுகிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். மங்கலம் என்ற பெரிய வகுப்புப் பிள்ளை மைக்கில் பேர்களைச் சொன்னாள். எஸ்தர், லில்லிபாய். தாள் திருப்புகிறவளுக்கு அறிவிப்பில் பேர் கிடையாது.

புத்தகத்தில் அந்தத் துண்டு ஆறு பக்கம். விரித்தால் இடது பக்கத்தில் அடிக்குரல், வலது பக்கத்தில் மெட்டு. இரண்டு முறை திருப்ப வேண்டும். நீலா லில்லியின் இடது பக்கம் நின்றாள். முதல் பக்கம் நன்றாகவே போனது. லில்லி கொஞ்சம் அவசரப்பட்டாள். அவள் அவசரப்பட்ட இடமெல்லாம் நீலாவின் விரல் பாவாடை மடிப்புக்குள் சரியான தாளத்தைத் தட்டியது. திருப்பும் இடம் வந்தது. குனிந்து, கையை நீட்டித் தாளின் மேல் மூலையைப் பிடித்தாள்.

பிடித்ததுமே தெரிந்துவிட்டது. தாள் கனமாக இருந்தது. ஈரத்தில் இரண்டு தாள் ஒட்டியிருந்தன. கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் பிரிந்துவிடும். அதற்கு நேரமும் இருந்தது. முழுதாக ஒரு எண்ணிக்கை, ஒன்று, இரண்டு, மூன்று.

அவள் பிரிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத் திருப்பினாள்.

லில்லியின் கைகள் நாலு தட்டு தட்டின, தடுமாறின, நின்றன. எஸ்தருக்கு முழுதும் மனப்பாடம். அவள் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனாள். அடியில் ஒன்றுமில்லாமல் மெட்டு மட்டும் தனியாக அந்தப் பெரிய ஹாலில் போயிற்று. நீலா சட்டென்று தாளைத் திரும்ப எடுத்துவைத்தாள். ஆனால் லில்லிக்கு எங்கே சேர்வது என்று தெரியவில்லை. கைகளைக் கட்டைகளுக்கு மேல் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் முடிகிற மூன்று தட்டுக்கு மட்டும் சேர்ந்துகொண்டாள். கைதட்டினார்கள். லில்லி எழுந்து கும்பிடும்போதே அழுதுவிட்டாள்.

திரைக்குப் பின்னால் லில்லியின் அம்மா வந்து நின்றாள். "மானத்த வாங்கிட்டியே. மூணு மாசமா என்ன படிச்சே நீ?"

"தாள் மாறிட்டும்மா."

"தாள் மேல பழி போடாதே." பிறகு நீலாவைப் பார்த்தாள். "ஏ குட்டி, நீ ஒழுங்கா ஒரு தாள்தானே திருப்பினே?"

டீச்சர் அங்கேதான் இருந்தாள். எஸ்தரும் இருந்தாள்.

"ஓ" என்று தலையாட்டினாள் நீலா. "ஒண்ணுதான்."

வெளியே அப்பா நின்றிருந்தார். முகமெல்லாம் சந்தோஷமாக இருந்தது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனார்கள். ஒரு ஹோட்டலில் அவளுக்கு நெய்ரோஸ்டு வாங்கிக்கொடுத்தார்.

"அந்தப் பிள்ளை நடுவுல நிண்ணுட்டே பாத்தியா? அப்பவும் நீ பதறல்ல. தாளத் திருப்பி எடுத்து வச்சே. நான் கவனிச்சேன்."

நீலா தட்டைப் பார்த்துக்கொண்டே தின்றாள். அப்பா தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அடுத்த வாரமே லில்லியைப் பியானோவிலிருந்து நிறுத்திவிட்டார்கள். திங்கள்கிழமை எஸ்தர் தனியாக வந்தாள். பெஞ்சில் வலப்பக்கம் உட்கார்ந்து, மூலையிலிருந்த நீலாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"வா, இரி. இனி நீதானே."

இந்த வார்த்தைக்குத்தான் அவள் டிசம்பரிலிருந்து காத்திருந்தாள். வந்து உட்கார்ந்தாள். விரல்கள் எதையும் மறக்கவில்லை. எஸ்தர் சந்தோஷமாக இருந்தாள். புதுத் துண்டு ஒன்றும் தொடங்கினார்கள். ஆனால் தாளின் ஓரத்துக்கு வரும்போதெல்லாம் நீலா ஒரு தட்டு பிந்தினாள். திருப்புவதற்கு எஸ்தர் கையை நீட்டினால் அந்தக் கையைப் பார்க்கவே முடியவில்லை. மூன்று வாரம் அப்படிப் போயிற்று. பரீட்சைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, டீச்சர் வெளியே போயிருந்த நேரம், நீலா கட்டைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எஸ்தர், அன்னைக்கு நான் ரெண்டு தாள் திருப்பினேன்."

"எனக்குத் தெரியும். ஒட்டியிருந்திருக்கும்."

"ஒட்டித்தான் இருந்துது. ஆனா எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் திருப்பினேன்."

எஸ்தர் தன் பக்கத்துத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பியானோவின் மூடியை மெதுவாக இறக்கினாள். நீலாவின் கை இடுக்கில் அகப்படாமல் பார்த்துத்தான் இறக்கினாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பள்ளி திறந்து ஜூனில் வந்தபோது எஸ்தரின் வகுப்பு செவ்வாய், சனி என்று மாறியிருந்தது. சனிக்கிழமை அவள் வீட்டிலிருந்து காரில் வருவாள். செவ்வாய்க்கிழமை டீச்சர் நீலாவை நூலக அறையில் உட்காரச் சொன்னாள். காரணம் எதுவும் சொல்லவில்லை. நீலாவும் கேட்கவில்லை. மற்ற நாட்களில் பியானோ அவளுக்குத்தான். டீச்சர் அவளுக்கு மெட்டுப் பகுதியையும் சொல்லிக்கொடுத்தாள். மழைக்காலம் முடிவதற்குள் இரண்டும் தனித்தனியாக நன்றாக வந்தன. இரண்டையும் சேர்த்து வாசிக்க இரண்டு கை போதாது. மேலே உள்ளதை வாசிக்கும்போது கீழே காலியாக இருக்கும். கீழே உள்ளதை வாசித்தால் மேலே யாருமில்லை.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு லில்லியைத் தேடிப்போனாள். லில்லி விளையாட்டு மைதானத்தில் வளையப்பந்து ஆடிக்கொண்டிருந்தாள். முடி வளர்ந்து பழைய லில்லியாக ஆகியிருந்தாள். நீலா சொன்னதை முழுதாகக் கேட்டாள்.

"எஸ்தர் எப்பவோ சொல்லிட்டா" என்றாள். "எனக்குப் பியானோ பிடிக்கவே செய்யாது, கேட்டியா. அப்பாக்காகப் போனேன். நிறுத்தினது நல்லதாப் போச்சு."

நீலாவுக்கு மூச்சு வந்தது.

"ஆனா அத்தன பேரு முன்னால அழ வச்சே பாரு" என்றாள் லில்லி. "அத மறக்கமாட்டேன்." வளையத்தை வாங்க ஓடிவிட்டாள்.

அக்டோபர் கடைசியில் உத்தரவு வந்தது. நவம்பர் ஒன்றிலிருந்து தெற்குத் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தில். அப்பாவுக்கு நாகர்கோவில் ஆபீஸ். "இனி எல்லாரும் ஒண்ணா இருக்கலாம் மக்களே" என்று அப்பா பெட்டி கட்டினார். அம்மாவும் தம்பியோடு நாகர்கோவில் வந்துவிடுவாள். பையன் இப்போது நடக்கிறானாம், பேசுகிறானாம்.

டி.சி. வாங்கப் போன நாள் செவ்வாய்க்கிழமை. ரத்னாபாய் டீச்சரிடம் சொல்லிக்கொள்ளப் போனால் உள்ளே எஸ்தர் பெஞ்சில் இருந்தாள். டீச்சர் நீலாவின் தலையைத் தடவி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போறதுக்கு முன்னால ஒரு தடவ சேந்து வாசியுங்களேன்."

"வேண்டாம் டீச்சர்" என்றாள் எஸ்தர். கோபமாகச் சொல்லவில்லை.

நீலா வாசல் படி இறங்கி வந்துவிட்டாள். பாதி வழியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. எஸ்தர் கூட நடந்தாள். வாட்சரின் கூண்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"அன்னைக்கு நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள் எஸ்தர்.

"எதை?"

"தெரிஞ்சுதான் திருப்பினேன்னு. ஒட்டியிருந்ததுன்னுதான் நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். நீ சொல்லாம இருந்திருந்தா நாம வாசிச்சுக்கிட்டே இருந்திருப்போம்."

நீலாவுக்குப் பதில் வரவில்லை. கேட்டுக்கு வெளியே அப்பா கையசைத்தார். எஸ்தர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, திரும்பிப் போனாள். அவள் மாடிப்படிக்கு அடியில் மறையும் வரை நீலா அங்கேயே நின்றாள்.

மறுநாள் காலை தம்பானூரில் பஸ் ஏறினார்கள். பாலராமபுரம் தாண்டியபோது அவளுக்குப் பதில் கிடைத்தது. சொல்லாமல் இருந்திருந்தாலும் ரொம்ப நாள் வாசித்திருக்க முடியாது. உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே நான் உன்னோடு இல்லாமல் இருந்தேன். இதை மலையாளத்திலும் தமிழிலும் மனதுக்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்று நன்றாக வந்தது. அதைக் கேட்க வேண்டியவள் பத்து மைல் பின்னால் வகுப்பில் இருந்தாள். அப்பா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நாகர்கோவிலில் புது வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள். உயரம் கூடிவிட்டதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். தம்பி அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தபடி எட்டிப் பார்த்தான். பூதப்பாண்டிக்கு விருந்தாளிகள் வந்து வந்து போவதைத்தான் அவன் கண்டிருந்தான்.

"அக்கா" என்றாள் அம்மா. "உனக்க அக்கா."

அவன் நீலாவையும் அவள் கையிலிருந்த பெட்டியையும் பார்த்தான்.

"எப்பம் போவா?" என்று அம்மாவிடம் கேட்டான்.

அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். நீலா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவன் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, "போகல்ல" என்றாள். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.